வெற்றி மாலையும் ஓய்வும்

ஆங்கிலத்தில் 'ரெஸ்ட் ஆன் யுவர் லாரல்ஸ்' என்றொரு மரபுத்தொடர் உண்டு. பெரும்பாலும் முன்னால் ஒரு 'டோன்ட்' சேர்த்தே அது நம் காதில் விழும். சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'உன் லாரல் மாலைகளின் மேல் ஓய்வெடுக்காதே' என்று வரும். கிடைத்த வெற்றியிலேயே திளைத்து அடுத்த வேலையை மறந்துவிடாதே என்பது பொருள். இங்கிலாந்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பள்ளி அறிக்கையில் கடைசி வரியாக இது வரும். கோப்பையை வென்ற கால்பந்து அணியின் பயிற்சியாளர் அன்று இரவே தொலைக்காட்சியில் இதைச் சொல்வார். அலுவலகத்தில் வருடாந்திர அப்ரைசலின்போது மேலாளர் சொல்வார். பாராட்டும் எச்சரிக்கையும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

முதுகலை படிக்க இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தத் தொடரை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அண்மையில் கேட்டபோதுதான் அது மனத்தில் தங்கிவிட்டது. ஒரு நிறுவனத்தின் பழைய கணக்கு மென்பொருளிலிருந்து புதியதற்குத் தரவுகளை மாற்றும் பணி. பதினான்கு மாதங்கள் ஓடியது. கடைசி மாற்றத்தை ஒரு நீண்ட வார இறுதியில் செய்தோம். வெள்ளி இரவிலிருந்து திங்கள் இரவுவரை ஒன்பது பேர் முறை வைத்துத் தூங்கினோம். செவ்வாய்க்கிழமை காலை வாடிக்கையாளர்கள் யாருக்கும் எந்த மாற்றமும் தெரியவில்லை. எங்கள் தொழிலில் வெற்றி என்றால் அதுதான்: ஒன்றும் நடக்காதது போல் இருப்பது. வியாழக்கிழமை நடந்த கூட்டத்தில் மேலதிகாரி நன்றி சொன்னார். அடுத்த வாக்கியத்திலேயே இந்தத் தொடரையும் சொன்னார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வாய்ப் பழக்கம்தான். என் பக்கத்தில் இருந்த பெண், மூன்று நாள் தூக்கம் கெட்ட கண்களோடு, மெல்லிய குரலில் கேட்டார்: "எந்த லாரல்?"

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் தொடர்ந்து போய்ப் பார்க்க விரும்புகிறேன்.

லாரல் நமக்கு அறிமுகம் இல்லாத இலை ஒன்றும் அல்ல. இங்கே சூப்பர்மார்க்கெட் மசாலா அடுக்கில் 'பே லீவ்ஸ்' என்று விற்கும் காய்ந்த இலைதான் அது. நம் ஊர் பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலை வேறு மரம், பட்டை இனத்தைச் சேர்ந்தது. ஆனால் இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பே இலையில் நடுவே ஒரு நரம்பு ஓடும், பிரிஞ்சி இலையில் மூன்று நரம்புகள். கிரேக்கப் புராணத்தில், அப்பல்லோ துரத்த, டாஃப்னி என்ற பெண் தப்பி ஓடி லாரல் மரமாகிவிடுகிறாள். அன்றிலிருந்து அந்த மரம் அப்பல்லோவுக்கு உரியது. ஆகவே அவனுடைய தலமான டெல்ஃபியில் நான்காண்டுக்கு ஒருமுறை நடந்த பைத்தியன் விளையாட்டுகளில் வென்றவருக்கு லாரல் வளையம் சூட்டினார்கள். ஒலிம்பியாவில் கொடுத்தது காட்டு ஆலிவ்.

ரோமில் அது படைத்தலைவனின் தலைக்கு வந்தது. பெரும் போரில் வென்று திரும்பியவன் லாரல் சூடி நகரத்தின் ஊடே ஊர்வலமாகப் போவான். ஜூலியஸ் சீசருக்கு எந்நாளும் லாரல் அணியும் உரிமை கிடைத்தபோது, மற்ற எல்லாப் பெருமைகளையும்விட அதில்தான் அவருக்கு அதிக மகிழ்ச்சி என்கிறார் வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். வழுக்கையை மறைக்க அது உதவியதாம். சீசருக்கு இருந்த காரணம் மற்றவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு லாரல் ஒரு நாள் சூடுவது. எப்படியும் இலை சில நாள்களில் காய்ந்துவிடும்.

இதில் படுக்கை எங்கிருந்து வந்தது? பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூட லாரல்களின் மேல் ஓய்வெடுப்பது என்ற தொடர் அப்படியே இருக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், தொடக்கத்தில் அது வசைச்சொல்லாக மட்டும் இருக்கவில்லை. நெடுநாள் உழைத்த தளபதியோ எழுத்தாளரோ இனித் தன் புகழோடு நிம்மதியாக ஓய்வெடுக்கலாம் என்று மரியாதையாகச் சொல்லவும் அது பயன்பட்டது. 1843-இல் வேர்ட்ஸ்வொர்த்துக்கு அரசவைக் கவிஞர் பதவியை வழங்க முன்வந்தபோது அவர் 70 வயதைத் தாண்டியிருந்தார். முதலில் மறுத்தார். உங்களிடம் எதுவும் எழுதச் சொல்லிக் கேட்கமாட்டோம் என்று பிரதமர் ராபர்ட் பீல் உறுதி கொடுத்த பிறகே ஏற்றுக்கொண்டார். அப்பதவிக்கு ஆங்கிலப் பெயர் 'பொயட் லாரியட்', அதாவது லாரல் சூடிய கவிஞர். லாரலும் ஓய்வும் அங்கே ஒன்றாக இருந்தன, யாருக்கும் அதில் வெட்கம் இல்லை. ஆனால் அந்த நூற்றாண்டு நகர நகர, தொடர் முழுக்கவும் கண்டனமாக மாறிவிட்டது. வாழ்த்தாக இருந்தது எச்சரிக்கை ஆயிற்று.

அதே நூற்றாண்டில் இதே நாட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. நெசவாலைகளில் பெண்களும் சிறுவர்களும் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்ற போராட்டம் அது. 1847-இல் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. அந்தப் பெண்கள் எந்தப் போரையும் வென்றவர்கள் அல்லர். ஓய்வு கேட்பதற்கு அவர்கள் காட்டிய காரணம் சாதனை அல்ல, உடம்பு. அதற்கு வெகு காலம் முன்பே யூதர்களின் ஓய்வு நாள் விதி, வீட்டுத் தலைவனோடு வேலைக்காரனுக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்தே ஓய்வை விதித்தது. மாட்டுப் பொங்கலன்று நம் ஊரில் மாட்டை ஏரில் பூட்டமாட்டார்கள். அந்த வருடம் மாடு எவ்வளவு உழுதது என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை.

'எந்த லாரல்?' என்று அந்தப் பெண் கேட்டதன் நியாயம் இங்கே இருக்கிறது. வெற்றி பெற்றவர்தான் ஓய்வைப் பற்றி யோசிக்கவே முடியும் என்பதுபோல அந்தத் தொடர் பேசுகிறது. பிறகு அவரையும் ஓய்வெடுக்காதே என்கிறது. அப்படியானால் ஓய்வெடுக்கத் தகுதியானவர் யார்? தோற்றவருக்கு முகமில்லை, ஜெயித்தவருக்கு அனுமதியில்லை. எனக்குத் தெரிந்தவரை ஓய்வு ஒரு பரிசு அல்ல. பசி எடுத்தவருக்குச் சோறு போடும்போது, நீ என்ன சாதித்தாய் என்று நாம் கேட்பதில்லை. களைத்தவரிடம் மட்டும் அதைக் கேட்கிறோம்.

ஆனாலும் இந்தத் தொடரை வெறும் முதலாளித்தனமான பேச்சு என்று ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. அதில் உண்மை இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். நம் மொழியில் அதற்கு நிகராக எதைச் சொல்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். 'பழம்பெருமை பேசுகிறான்' என்கிறோம். 'எங்கள் தாத்தா காலத்தில் வீட்டு வாசலில் யானை கட்டியிருந்தது' என்று கேலி செய்கிறோம். இரண்டிலும் படுக்கை இல்லை, தூக்கம் இல்லை. தமிழ் கண்டிப்பது பேச்சை. ஆங்கிலத் தொடர் கண்டிப்பது ஓய்வை. ஆங்கிலத் தொடர் பிசகும் இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஓய்வெடுப்பது ஒன்று, பழைய வெற்றியின் மேல் சாய்ந்திருப்பது வேறொன்று. அந்தத் தொடர் இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டது.

ஓய்வெடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். என் அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக வேலைக்குச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் முழு இரவு தூங்கியதில்லை. காற்று பலமாக அடித்தாலே அவர் எழுந்து டார்ச்சைத் தேடுவார். 58 வயதில் அவருக்குப் பணி நிறைவு விழா நடந்தது. 'பணி நிறைவு' என்ற சொல்லே அழகானது. வேலை முடிந்துவிட்டது என்பதைவிட, நிறைந்துவிட்டது என்று அது சொல்கிறது. உடன் வேலை பார்த்தவர்கள் ரோஜா மாலை போட்டு, சால்வை போர்த்தி, வேனில் வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். மாலை இரண்டு நாள் ஆணியில் தொங்கியது. வாடியதும் அம்மா எடுத்துத் தென்னை மரத்தடியில் போட்டுவிட்டார்.

அந்த ஐப்பசியில் ஒரு நள்ளிரவு, பெரிய இடி இடித்துத் தெரு முழுக்க இருண்டுவிட்டது. நான் அப்போது விடுமுறையில் ஊரில் இருந்தேன். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினார். அப்பா கண் விழித்து, "டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கும், பசங்க பார்த்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். மறுநாள் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வந்து, "ஐயா, அந்த லைன்ல முன்னாடி என்ன கோளாறு வந்துச்சு?" என்று கேட்டான். திண்ணையில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். கேட்டதற்குச் சொன்னார், அவ்வளவுதான். எங்கள் காலத்தில் நாங்கள் என்று ஆரம்பிக்கவில்லை. அவன் போன பிறகு செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

இனி, ஓய்வே எடுக்காமல் வெற்றியின் மேல் சாய்ந்த ஒருவரைப் பார்ப்போம். கி.மு. 490-இல் மாரத்தான் சமவெளியில் ஏதென்ஸ் பாரசீகப் படையைத் தோற்கடித்தது. அந்த வெற்றியின் நாயகர் மில்டியாடிஸ். அதன் பிறகு அவர் ஏதென்ஸிடம் 70 கப்பல்களும் படையும் பணமும் கேட்டார். எந்த நாட்டின் மேல் படையெடுக்கப் போகிறார் என்பதைச் சொல்லவில்லை. பொன் கொண்டுவருவேன் என்று மட்டும் சொன்னார். கேட்டவர் மாரத்தான் வீரர் என்பதால் மக்கள் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். பேரோஸ் தீவை 26 நாள் முற்றுகையிட்டும் பயனில்லை. காலில் காயத்தோடு வெறுங்கையாகத் திரும்பினார். ஏதென்ஸ் அவர்மேல் வழக்குத் தொடுத்து 50 டாலண்ட் அபராதம் விதித்தது. காயம் அழுகி அவர் இறந்துபோனார். அபராதத்தை மகன் கட்டினார். ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை இது.

மில்டியாடிஸ் சோம்பேறி இல்லை. எந்த மேலாளரும் அவரைப் பார்த்து 'லாரல் மேல் ஓய்வெடுக்கிறாய்' என்று சொல்ல முடியாது. ஆனால் விளக்கம் சொல்லாமல் கப்பல்களை வாங்க அவர் செலவழித்த பணம் மாரத்தான்தான். என் அப்பா தூங்கினார், ஆனால் எதன் மேலும் சாயவில்லை. மில்டியாடிஸ் தூங்கவில்லை, ஆனால் முழுக்கச் சாய்ந்திருந்தார். தவறு எங்கே இருக்கிறது என்பதை இந்த இரண்டு பேரும் சேர்ந்து காட்டிவிடுகிறார்கள்.

மாரத்தானுக்கு இன்னொரு பின்கதையும் உண்டு. தெமிஸ்டோக்ளிஸ் என்ற இளைஞர் அந்த வெற்றிக்குப் பிறகு இரவில் தூங்காமல் தவித்தாராம். ஏன் என்று கேட்டவர்களிடம், மில்டியாடிஸின் வெற்றிச் சின்னம் என்னைத் தூங்கவிடவில்லை என்றாராம். புளூட்டார்க் எழுதியிருக்கிறார். முதல் பாதியைப் படிக்கும்போது எனக்கு லிங்க்ட்இன்தான் நினைவுக்கு வந்தது. இரவு பதினொரு மணிக்கு அடுத்தவர் பதவி உயர்வைப் பார்த்துவிட்டு விழித்துக் கிடக்கும் நம் நண்பர்கள் எத்தனை பேர்! அங்கே தூக்கத்தைக் கெடுப்பது தன்னுடைய லாரல்கூட இல்லை, மற்றவருடையது.

ஆனால் தெமிஸ்டோக்ளிஸ் விஷயத்தில் வெறும் பொறாமை என்று முடித்துவிட முடியாது. மாரத்தானோடு போர் முடிந்துவிட்டது என்று ஏதென்ஸில் மற்றவர்கள் நினைத்தபோது, அது தொடக்கம்தான் என்று அவர் நினைத்தார். கப்பல்கள் கட்ட வைத்தார். கி.மு. 480-இல் பாரசீகம் பெரும்படையோடு மீண்டும் வந்தபோது சலாமிஸ் கடற்போரில் அந்தக் கப்பல்கள்தான் நகரத்தின் மானத்தைக் காப்பாற்றின. இங்கே அந்த மரபுத்தொடர் சொல்வது சரி. ஏதென்ஸ் மாரத்தானின் மேல் சாய்ந்து கிடந்திருந்தால் அழிந்திருக்கும். ஆகவே அந்தக் கண்டிப்பு தேவைப்படும் இடமும் உண்டு. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது களைத்துப்போன ஒரு மனிதரிடம் அல்ல. ஒரு நகரத்திடம், ஒரு நிறுவனத்திடம், ஒரு சமூகத்திடம் சொல்ல வேண்டும். தனிமனிதருக்கு உடம்பு இருக்கிறது, அது ஓய்ந்தே ஆக வேண்டும். சமூகத்தில் ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் விழித்திருக்கலாம். அப்பா தூங்கிய இரவில் கம்பத்தில் ஏறுவதற்கு 'பசங்க' இருந்தார்கள். அவர் நிம்மதியாகத் தூங்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் வாழ்க்கையில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோமோ என்று தோன்றுகிறது.

தனிமனிதர்களாக நாம் ஓய்வதில்லை. பிளூட்டார்க்கிடமே இன்னொரு கதை இருக்கிறது. மன்னன் பிர்ரஸ் இத்தாலி மேல் படையெடுக்கக் கிளம்புகிறான். அவன் அவையில் இருந்த சினியாஸ் கேட்கிறான்: இத்தாலியை வென்ற பிறகு என்ன செய்வோம்? சிசிலி. பிறகு? ஆப்பிரிக்கா, கார்த்தேஜ். எல்லாம் முடிந்த பிறகு? நிம்மதியாக உட்கார்ந்து மது அருந்திப் பேசிக்கொண்டிருப்போம். அதை இப்போதே செய்வதற்கு என்ன தடை என்று கேட்டான் சினியாஸ். பிர்ரஸிடம் பதில் இல்லை, ஆனால் கிளம்பிப் போனான். கி.மு. 272-இல் ஆர்கோஸ் நகரத் தெருச் சண்டையில், ஒரு மூதாட்டி கூரையிலிருந்து எறிந்த ஓடு தலையில் பட்டு விழுந்து உயிரிழந்தான். நம் பட்டியலில் கார்த்தேஜ் இல்லை. விசா, பிறகு நிரந்தரக் குடியுரிமை, பிறகு வீட்டுக் கடன், பிறகு பிள்ளைகளின் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது. 'அலை ஓய்ந்து கடலாடலாமா' என்று ஊரில் கேட்பார்கள். வந்தேறிகளுக்கு நிற்பதற்குப் பயம் இருப்பது நியாயம்தான். வேலை போனால் நாட்டைவிட்டே போக வேண்டியிருந்த வருடங்களை நம்மில் பலர் கடந்து வந்திருக்கிறோம். ஆனால் அந்தப் பயம் காலாவதியான பிறகும் நாம் அதைப் பணியொழுக்கம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கும் அதையே சொத்தாகக் கொடுக்கிறோம்.

ஆனால் சமூகமாக? மேடை ஏறினால் நம் மொழி ஈராயிரம் ஆண்டு பழையது என்று ஆரம்பிக்கிறோம். கீழே இறங்கி வந்து பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பேசுகிறோம். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் சங்கத்தைத் தொடங்கியவர் என்பதற்காகவே ஒருவர் இன்னமும் தலைவராக இருப்பதை எத்தனை நகரங்களில் பார்க்கிறோம்! அவர் ஓய்வெடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓய்வெடுக்காமல்தான் சாய்ந்திருக்கிறார். தமிழ்ப் பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் வந்து இருபது பிள்ளைகளுக்கு 'அ' எழுதச் சொல்லித்தரும் அம்மாவுக்கு மாலை எதுவும் கிடையாது. மொழி விழித்திருப்பது அவரால்தான். அந்தச் சனிக்கிழமைக்கு மாற்று ஆள் ஒருவர் கிடைத்தால் அவரும் ஒரு வாரம் தூங்கலாம்.

நம்மிடமும் ஒரு லாரல் உண்டு. இன்றைக்கும் செய்தித்தாள்களில் அணிகள் 'வாகை சூடுகின்றன'. தொல்காப்பியத்தில் வாகை போர் வெற்றிக்கு மட்டும் உரியது அல்ல. அவரவர் தம் துறையில் சிறந்து விளங்குவதெல்லாம் வாகைதான். அருளோடு உலகப் பற்றிலிருந்து விலகி நிற்பதையும் அது வாகையின் துறைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. விலகுவதிலும் ஒரு வெற்றி இருக்கலாம் என்பதை இந்தப் பட்டியல் மறக்கவில்லை.

ரோமானியத் தளபதியின் ஊர்வலம் எங்கே முடிந்தது என்பதை மேலே சொல்லாமல் விட்டேன். அது கேப்பிட்டலைன் குன்றின் மேலிருந்த ஜூப்பிட்டர் கோயிலில் முடியும். அங்கே லாரலைத் தெய்வத்தின் மடியில் வைத்துவிடுவார்கள். அதன் பிறகு அவன் விருந்துக்குப் போகலாம், வீட்டுக்குப் போகலாம், படுத்துத் தூங்கலாம். மாலையை யாரிடம் ஒப்படைக்க வேண்டுமோ அங்கே ஒப்படைத்தாயிற்று. எச்சரிக்கை சொல்லித்தான் தீர வேண்டும் என்றால், தூங்கப் போகிறவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் படுங்கள். தூங்காதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.